வீட்டுக் கடன் டியூ தவறினால்: நோட்டீஸ் முதல் ஏலம் வரை கேள்வி பதில்

வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியவர்கள், அவர்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள், அந்த வீட்டில் ஒத்திக்குக் குடியிருப்பவர்கள் என்று பல தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழி செய்யும் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தை ஒட்டியவை. வங்கிக்குச் சாதகமான சட்டம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனாலும் கடன் வாங்கியவருக்கு அதில் சில உரிமைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு, கெடு தாண்டினால் அந்த உரிமையும் போய்விடும். அதனால் கீழே நாள் கணக்கு நிறைய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை டியூ தவறினால் வங்கி நடவடிக்கை எடுக்கும்?

ஒரு டியூ தவறிய மறுநாளே உங்கள் கணக்கு வங்கியின் கண்காணிப்புப் பட்டியலில் ஏறிவிடும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் என்று வகைப்படுத்துவார்கள். பேச்சுவழக்கில் 'என்பிஏ ஆகிவிட்டது' என்பது இதைத்தான். அதற்குப் பிறகுதான் சர்பாசி நோட்டீஸ் அனுப்ப முடியும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கணக்கு என்பிஏ ஆன பிறகு ஒரு டியூ மட்டும் கட்டிவிட்டு 'இனி தொல்லை இல்லை' என்று இருந்துவிடுவார்கள். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அசலிலும் வட்டியிலும் உள்ள நிலுவை மொத்தத்தையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். அரையும் குறையுமாகக் கட்டிய பணம் பாக்கியைக் குறைக்கும், நடவடிக்கையை நிறுத்தாது. ஆகவே 89ஆம் நாளில் இருக்கும் பேரம் பேசும் பலம் 91ஆம் நாளில் இருக்காது. வேலை போய்விட்டது, தொழில் படுத்துவிட்டது என்றால் முதல் டியூ தவறும்போதே கிளைக்குப் போய், கடன் காலத்தை நீட்டிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு போனை எடுக்காமல் இருப்பதுதான் நம் ஊரில் அதிக வீடுகளைப் பறிகொடுக்க வைக்கிறது என்பது என் எண்ணம்.

கோர்ட்டுக்கே போகாமல் வீட்டை எடுத்துக்கொள்ள வங்கிக்கு அதிகாரம் உண்டா?

உண்டு. சர்பாசி சட்டம் வந்ததே அதற்காகத்தான். முன்பு அடமானச் சொத்தை விற்க வேண்டுமென்றால் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சிவில் கோர்ட் இதில் தலையிட முடியாது என்று கதவை அடைத்துவிட்டது. 2004இல் மர்தியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் வங்கியை எதிர்த்து முறையிட வருபவர் பாக்கியில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றிருந்த விதியை அதே தீர்ப்பில் ரத்து செய்தது. கடன் வாங்கியவரின் ஆட்சேபத்துக்கு வங்கி காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும் என்ற விதி சட்டத்தில் ஏறியதும் அந்தத் தீர்ப்பின் விளைவுதான்.

தேசிய வங்கி, தனியார் வங்கி, கூட்டுறவு வங்கி ஆகிய எல்லாருக்கும் இந்த அதிகாரம் இருக்கிறது. வீட்டுக் கடன் நிறுவனங்களில் 100 கோடியும் அதற்கு மேலும் சொத்து மதிப்புள்ளவற்றுக்கு உண்டு. மற்ற நிதி நிறுவனங்களில், 100 கோடிக்கு மேல் சொத்து மதிப்புள்ளவை 20 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கடன்களுக்குப் பயன்படுத்தலாம். தெருமுனை வட்டிக்கடைக்காரருக்கு இந்த அதிகாரம் கிடையாது. அவர் 'சர்பாசி போடுவேன்' என்று மிரட்டினால் அது வெறும் மிரட்டல்தான்.

60 நாள் நோட்டீஸ் வந்திருக்கிறது. தபால்காரரிடம் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பிக்கலாமா?

முடியாது. வீட்டுக் கதவில் ஒட்டியும் நாளிதழில் வெளியிட்டும் கொடுத்ததாகக் காட்டிவிடுவார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கிய தேதியை உறையின் மேலேயே குறித்து வையுங்கள்.

இது சர்பாசி சட்டத்தின் 13(2) பிரிவின் கீழ், 60 நாளுக்குள் பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ். எவ்வளவு பாக்கி, எந்தச் சொத்தின் மேல் நடவடிக்கை என்ற விவரம் அதில் இருந்தாக வேண்டும். படிக்கும்போது மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். கணக்கு என்பிஏ ஆனதாகச் சொல்லும் தேதி சரியா? நீங்கள் கட்டிய பணமெல்லாம் வரவில் வந்திருக்கிறதா? அபராதம் எப்படிப் போட்டிருக்கிறார்கள்? 2024 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தாமதத்துக்குக் கூடுதல் வட்டி என்று போடக் கூடாது. அபராதக் கட்டணம் வசூலிக்கலாம், ஆனால் அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாது.

தவறு தெரிந்தால் ஆட்சேபக் கடிதம் எழுதி, போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். தவறு ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுதலாம்: என்ன கஷ்டம், எப்போது எவ்வளவு கட்ட முடியும் என்று. பிறகு கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், 'இவர் ஓடி ஒளியவில்லை' என்று காட்ட உங்கள் கையில் இருக்கும் காகிதம் அதுதான். வங்கி பதிலே தராமல் அடுத்த கட்டத்துக்குப் போனால் அதுவும் உங்களுக்கு ஒரு வாதம்.

அந்த 60 நாளுக்குள் வீட்டை நாங்களே விற்றுக் கடனை அடைத்துவிட்டால்?

கட்ட வழியே இல்லை என்று தெரிந்துவிட்டால் என் யோசனையும் இதுதான். ஏலத்தில் போகும் விலையைவிட நீங்களே ஆள் பார்த்து விற்கும் விலை அநேகமாகக் கூடுதலாகத்தான் இருக்கும். வாங்குபவருக்கும் வில்லங்கப் பயம் குறைவு.

ஒரு நிபந்தனை உண்டு. நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. எனவே வாங்கப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போங்கள். அவர் கொடுக்கும் பணம் நேரே உங்கள் கடன் கணக்குக்குப் போகட்டும், மீதி உங்களுக்கு. வாங்குபவரே கடன் போட்டுத்தான் வாங்குகிறார் என்றால் அவருடைய வங்கியும் உங்கள் வங்கியும் பேசி முடித்துக்கொள்வார்கள். அட்வான்ஸை ரொக்கமாக வாங்கி வேறு கடனுக்குக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். அப்படிச் செய்தால் வங்கியோடு வாங்கவந்தவரும் உங்கள் மேல் வழக்குப் போடுவார்.

சுவரில் நோட்டீஸ் ஒட்டி, பேப்பரிலும் போட்டுவிட்டார்கள். உடனே காலி செய்ய வேண்டுமா?

உடனே அல்ல. 60 நாள் முடிந்ததும் வங்கி எடுப்பது வழக்கமாகக் குறியீட்டுச் சுவாதீனம். காகிதத்தில் சொத்து வங்கி வசம் போய்விட்டது, குடியிருப்பது நீங்கள்தான். இந்த அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், ஏழு நாளுக்குள் வெளியிட வேண்டும். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதே என்ற அவமானத்தில் பலர் இந்தக் கட்டத்தில் முடங்கிவிடுகிறார்கள். முடங்க நேரமில்லை. தீர்ப்பாயத்தை அணுக உங்களுக்கு இருக்கும் 45 நாள் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆள் வந்து பூட்டுப் போடுவது எப்படி நடக்கும்?

நீங்களாகச் சாவியைத் தராவிட்டால், வங்கி 14ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுப் போடும். அவர்கள் உத்தரவிட்டால் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரோ அதிகாரி ஒருவரோ போலீஸ் துணையுடன் வருவார். கடன் எவ்வளவு, வட்டி நியாயமா என்றெல்லாம் அங்கே விசாரிக்க மாட்டார்கள். வங்கியின் பிரமாணப் பத்திரம் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்பார்கள். இப்படி உத்தரவு எதுவும் இல்லாமல் நாலு பேர் வந்து 'சாமானை எடுத்து வெளியே வை' என்றால் உத்தரவின் நகலைக் கேளுங்கள், இல்லையென்றால் 100க்குப் போன் போடுங்கள்.

உத்தரவோடு வந்தால் தகராறு வேண்டாம். வீட்டில் உள்ள பொருட்களைப் பட்டியல் எடுக்கச் சொல்லி நகல் வாங்குங்கள். நகை, பள்ளிச் சான்றிதழ், மருந்து மாத்திரை, ரேஷன் கார்டு ஆகியவற்றை முன்னாடியே உறவினர் வீட்டில் வைத்துவிடுவது நல்லது.

ஏலத்துக்கு முந்தைய நாள்வரை பணம் கட்டி வீட்டை மீட்கலாம் என்கிறார்களே?

அது பழைய சட்டம். இன்னும் பலர் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், சில தரகர்கள் உட்பட. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

2016இல் 13(8) பிரிவைத் திருத்தினார்கள். அதற்கு முன்பு சொத்து கைமாறும்வரை முழுப் பாக்கியையும் கட்டி மீட்க வழி இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன்பே மொத்தப் பாக்கியையும் செலவுகளையும் கட்டியாக வேண்டும். அறிவிப்பு வந்தபின் கட்டினால் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை.

நீதிமன்றம் இரக்கப்படுமே என்று எண்ண வேண்டாம். பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில், ஏலத்தில் ஒரு நிறுவனம் 105 கோடி சொச்சத்துக்குச் சொத்தை எடுத்தது. அதன்பிறகு கடன் வாங்கிய தரப்பு 129 கோடி தருகிறோம், சொத்தை எங்களுக்கே விடுங்கள் என்றது. வங்கியும் சரி என்றது, மும்பை உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஏலம் எடுத்தவருக்கே சொத்து என்றது. அதிகப் பணம் வருகிறது என்பதற்காகச் சட்டம் வைத்த தேதியைத் தாண்ட முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 129 கோடி வைத்திருந்தவருக்கே இந்த நிலை என்றால், ஏலத்துக்கு முந்தின நாள் மச்சினரிடம் கைமாற்று வாங்கி ஓடுகிற நமக்கு?

ஏல அறிவிப்பு வந்துவிட்டாலும் வங்கியே மனமிரங்கி ஏலத்தைத் தள்ளிவைப்பது உண்டு. ஏலத்தில் யாரும் கேட்காமல் போவதும் சகஜம். இவையெல்லாம் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்தி. அடுத்த ஏலத்துக்கு 15 நாள் அவகாசம் போதும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் ஏலத்துக்குத்தான் 30 நாள்.

ஏல விலையை யார் முடிவு செய்வது? அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டால்?

அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கி, அதன் அடிப்படையில் வங்கி அடிப்படை விலையை நிர்ணயிக்க வேண்டும். விற்பனைக்கு முன் உங்களுக்கு 30 நாள் நோட்டீஸும் தர வேண்டும். மதிப்பு குறைவாகத் தெரிந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தின் வழிகாட்டி மதிப்பு, அதே தெருவில் அண்மையில் நடந்த கிரயப் பத்திரங்கள் ஆகியவற்றை இணைத்து உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். ஏலம் முடிந்தபின் 'விலை குறைவு' என்று சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

பாக்கிக்கும் செலவுக்கும் மேல் வரும் தொகை உங்களுடையது. கேட்டு வாங்குங்கள். பற்றாக்குறை வந்தால் அந்த மிச்சத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு. வீடும் போய் கடனும் நிற்பது நடக்கக்கூடியதே.

டிஆர்டி என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? போனால் ஏலம் நிற்குமா?

கடன் மீட்புத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டில் சென்னையில் மூன்று, கோவையில் ஒன்று, மதுரையில் ஒன்று. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சென்னையில். வங்கி எடுத்த நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் 17ஆம் பிரிவின் கீழ் மனுப் போடலாம்.

மனுப் போட்டதாலேயே ஏலம் நிற்காது. தடை உத்தரவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தடை கிடைத்தாலும் பெரும்பாலும் 'இத்தனை நாளுக்குள் பாக்கியில் இவ்வளவு பங்கு கட்டு' என்ற நிபந்தனையோடுதான் கிடைக்கும். அந்தப் பணத்தைப் புரட்ட முடியாதென்றால் வக்கீல் பீஸும் சேர்ந்து போகும். நோட்டீஸில் குறை, அறிவிப்பு வெளியிடாதது, நாள் கணக்கில் தவறு போன்றவைதான் அங்கே எடுபடும் வாதங்கள். 'குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்' என்பது உண்மையாகவே இருந்தாலும் சட்ட வாதம் ஆகாது. அங்கே தோற்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதற்குப் பாக்கியில் பாதியைக் கட்ட வேண்டும். அதைக் கால்வாசிவரை குறைக்கலாம், அதற்குக் கீழே இறங்காது.

நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று யாராவது சொன்னால், தீர்ப்பாயம் இருக்கும்போது உயர் நீதிமன்றம் சாதாரணமாகத் தலையிடக் கூடாது என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதை நினைவுபடுத்துங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

ஒரே தவணையில் தள்ளுபடி போட்டு முடித்துக்கொள்ள முடியுமா?

ஓடிஎஸ் என்று கேளுங்கள். வங்கி இஷ்டப்பட்டால் தரும், உரிமையாகக் கேட்க முடியாது. ஒத்துக்கொண்டால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று கடிதம் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது முழுமையாக அடைத்த கடனாக வராது, 'செட்டில்டு' என்றே வரும், பின்னாளில் கடன் கேட்டால் இடிக்கும். மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாட்களில் வங்கிகள் சற்று இறங்கி வருவதுண்டு.

விவசாய நிலத்தை எடுக்க முடியாதாமே?

சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, உண்மைதான். ஆனால் பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது. அங்கே உண்மையில் விவசாயம் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். பிளாட் போட்டுக் கல் நட்ட இடம், செங்கல் சூளை, கல்யாண மண்டபம் எல்லாம் பட்டாவைக் காட்டித் தப்பாது. அடங்கலில் பயிர்ப் பதிவு இருந்தால் பலம். இந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும் வங்கி வழக்குப் போட்டு வசூலிக்கலாம், கடன் கரைந்துவிடாது.

ஒரு லட்சத்துக்குக் குறைந்த பாக்கிக்கும், அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே மிச்சம் இருக்கும் கடனுக்கும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. பதினைந்து வருஷம் ஒழுங்காகக் கட்டி கடைசியில் தடுமாறுபவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் கடன் வாங்கவில்லை. 8 லட்சம் ஒத்திக்குக் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் கடன் கட்டாததற்கு என்னை ஏன் காலி செய்யச் சொல்கிறார்கள்?

இந்த விவகாரத்தில் ஒரு பாவமும் அறியாமல் மாட்டிக்கொள்பவர்கள் நீங்கள்தான். வீட்டை வங்கியில் அடமானம் வைத்த பிறகு உங்களுக்கு ஒத்திக்கு விட்டிருந்தால், வங்கியை எதிர்த்து நிற்க உங்களுக்குக் கிட்டத்தட்ட வழியே இல்லை. அடமானத்துக்கு முன்பே, பதிவு செய்த ஒப்பந்தத்தின் பேரில் குடியிருந்தால் அந்தக் காலம் முடியும்வரை பாதுகாப்பு உண்டு. அதை டிஆர்டியிலேயே கேட்கலாம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சி போட்ட ஒப்பந்தம் அங்கே அதிக தூரம் போகாது. ஒத்திப் பணத்துக்கு வீட்டுக்காரர் மேல் தனியாக வழக்குப் போட வேண்டியதுதான், அவரிடம் மிச்சம் ஏதாவது இருந்தால்.

ஒத்திப் பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்த எம்ஓடி பதிவு அதில் தெரியும். சில நூறு ரூபாய்ச் செலவு. வாடகையே இல்லாமல் வீடு கிடைக்கிறதென்றால் வீட்டுக்காரருக்கு மொத்தமாகப் பணம் எதற்குத் தேவைப்படுகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் வேண்டும்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். முதலில் கடன் வாங்கியவரிடம்தானே கேட்க வேண்டும்?

இல்லை. நேராக உங்களிடமே வரலாம்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால்?

முதலில் கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருந்தாரா என்று கடன் ஆவணத்தில் பாருங்கள். பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துப் பிடித்திருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள், வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் அடமானம் வீட்டின் மேல் அப்படியே இருக்கும். கூட்டாகக் கையெழுத்துப் போடாத வாரிசுகள், தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. அவர்கள் சம்பளத்தைப் பிடிக்க முடியாது.

வசூல் ஆட்கள் ராத்திரி போன் செய்து அசிங்கமாகப் பேசுகிறார்கள்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் கேட்டு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. சொந்தக்காரருக்கும் அலுவலகத்துக்கும் போன் செய்து மானத்தை வாங்குவதும் கூடாது. அழைப்பைப் பதிவு செய்யுங்கள், வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. மிரட்டல் என்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம், போலீஸில் புகார் கொடுங்கள்.

இதே பயத்தில் வெளியே வட்டிக்கு வாங்கி டியூ கட்டலாமா?

வேண்டாம். வங்கிக்காவது 60 நாள், 45 நாள், 30 நாள் என்று கணக்கு இருக்கிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, ஆனால் மீட்டர் வட்டிக்காரர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு வர மாட்டார்.

வங்கி ஏலத்தில் வீடு வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 'உள்ளது உள்ளபடி' என்றுதான் விற்பார்கள். சொத்துவரி, மின்கட்டணம், அடுக்குமாடிப் பராமரிப்புப் பாக்கி எல்லாம் உங்கள் தலையில் விழலாம். அறிவிப்பில் குறியீட்டுச் சுவாதீனம் என்றிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று பொருள், அவரைக் காலி செய்யும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. ஏலம் உறுதியானால் அன்றோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ 25 சதவீதம் கட்ட வேண்டும், மீதியை 15 நாளில். வங்கி எழுத்தில் சம்மதித்தால் மூன்று மாதம்வரை நீளும். மீதியைக் கட்டாவிட்டால் அந்தக் கால்வாசிப் பணம் திரும்ப வராது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றில் 2024இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. எனவே வீட்டுக் கடன் கிடைக்கும் என்று உறுதி தெரியாமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள்.

எப்படியோ புரட்டி முழுப் பணமும் கட்டிவிட்டேன். பத்திரம் எப்போது கிடைக்கும்?

30 நாளுக்குள் மூலப் பத்திரங்கள் எல்லாவற்றையும் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும், 2023 டிசம்பர் முதல் இதுதான் விதி. பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடியை ரத்து செய்து பதிவு செய்யுங்கள். வில்லங்கச் சான்றில் அந்த ரத்துப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிபில் அறிக்கையில் கணக்கு மூடப்பட்டதாக வந்திருக்கிறதா என்பதையும் ஓரிரு மாதம் கழித்துச் சரிபாருங்கள்.